தேசிய பூங்கா டாபிக்: குரூப் 1, யூபிஎஸ்சி படிக்கிறவங்களுக்கு நான் படிச்ச விதம்

சுற்றுச்சூழல் பகுதியில தேசிய பூங்கானு வந்தாலே நிறைய பேரு ஒரு பெரிய டேபிள் போட்டு பேரு, மாநிலம், விலங்குனு எழுதி உருப்போட ஆரம்பிச்சிடுறாங்க. நூத்துக்கும் மேல இருக்குங்க, எல்லாம் மண்டையில நிக்காது. அப்படியே நின்னாலும் மெயின்ஸ்ல பாதுகாக்கப்பட்ட பகுதிகளை நிர்வகிக்கிறதுல உள்ள சவால்களை விவாதினு ஒரு கேள்வி வந்தா அந்த டேபிளை வச்சு ஒரு பாரா கூட தேறாது. நான் பண்ணது என்னன்னா ஒரு பத்து பதினஞ்சு பூங்காவை மட்டும் எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் மூணு கேள்வி கேட்டு நோட்ஸ் எடுத்தேன். பூங்கா ஆகுறதுக்கு முன்னாடி அந்த இடத்தை யாரு பயன்படுத்திட்டு இருந்தாங்க, எதுக்காக அறிவிச்சாங்க, இப்ப அங்க என்ன தலைவலி.

வரலாறு ரொம்ப நேரம் எடுக்காது. 1872ல அமெரிக்காவுல யெல்லோஸ்டோன், உலகத்துலயே முதல் தேசிய பூங்கானு எல்லா கைடுலயும் இருக்கும். அந்த நிலத்துல பழங்குடி மக்கள் காலங்காலமா புழங்கிட்டு இருந்தாங்கங்கிறதையும் சேர்த்து எழுதிக்கோங்க, மெயின்ஸ்ல அதுதான் கை கொடுக்கும். இந்தியாவுல 1936ல ஹெய்லி தேசிய பூங்கா, அப்புறம் ராம்கங்கானு பேர் மாறி கடைசியா ஜிம் கார்பெட். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம், 1973 ஏப்ரல் 1 புலிகள் திட்டம். நம்ம ஊர்ல பல பூங்காக்கள் ராஜாக்களோட வேட்டைக்காடா இருந்த இடங்கள், பந்திப்பூர், ரந்தம்பூர், பரத்பூர் எல்லாம் அப்படித்தான். இந்த ஒரு லைன் தெரிஞ்சா போதும், பதில்ல நோக்கம் எப்படி மாறுச்சுனு எழுத ஒரு பிடி கிடைச்சிரும்.

சட்டத்துல பிரிவு 18 சரணாலயம், பிரிவு 35 தேசிய பூங்கா, 38வி புலிகள் காப்பகம். ப்ரிலிம்ஸ்ல குழப்புற இடம் இதுதான். சரணாலயத்துல சில உரிமைகளை கலெக்டர் தலைமை வன உயிரின காப்பாளரை கலந்துக்கிட்டு தொடர விடலாம், மேய்ச்சலுக்கும் ஓரளவு இடம் உண்டு. தேசிய பூங்காவுல மேய்ச்சலுக்கு இடமே இல்ல, உரிமைகளை எல்லாம் தீர்த்து முடிச்ச பிறகுதான் இறுதி அறிவிக்கை வரும். தமிழ்நாட்டுல கிண்டி, மன்னார் வளைகுடா, ஆனைமலை, முதுமலை, முக்கூர்த்தினு தேசிய பூங்கா அஞ்சு. புலிகள் காப்பகமும் அஞ்சுதான், ஆனா அதே அஞ்சு இல்ல, களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை. ரெண்டுலயும் வர்றது ஆனைமலையும் முதுமலையும் மட்டும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சவால்கள்னு கேட்டா எல்லாரும் கள்ளவேட்டை, ஆக்கிரமிப்பு, காலநிலை மாற்றம், சுற்றுலானு நாலு தலைப்பு போட்டு முடிச்சிடுவாங்க, திருத்துறவருக்கு நூறு பேப்பர் ஒரே மாதிரி இருக்கும். ஒரே ஒரு பூங்காவை ஆழமா படிச்சு வச்சா போதும். என் சாய்ஸ் பரத்பூர், அதாவது ராஜஸ்தான்ல இருக்கிற கேவலாதேவ். பரத்பூர் ராஜாக்கள் வாத்து வேட்டைக்காக தண்ணி கட்டி வச்ச இடம், 1938ல வைஸ்ராய் லின்லித்கோ வந்த வேட்டையில ஒரே நாள்ல 4,273 பறவைகளை சுட்டிருக்காங்க, அந்த கணக்கை கல்லுல வெட்டி அங்கயே நிறுத்தியும் வச்சிருக்காங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் பறவை சரணாலயம் ஆகி, எண்பதுகளோட ஆரம்பத்துல தேசிய பூங்கா ஆச்சு. சட்டப்படி மேய்ச்சல் கூடாது, அதனால சுத்தி உள்ள கிராமத்துக்காரங்களோட எருமைகளை 1982ல உள்ள விடாம நிறுத்திட்டாங்க. போராட்டம் நடந்து போலீஸ் சுட்டு உயிர்கள் போச்சு.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் ரொம்ப முக்கியம். பம்பாய் இயற்கை வரலாற்று கழகம் அங்க பல வருஷம் ஆராய்ச்சி பண்ணுச்சு, பார்த்தா எருமை மேயாததால பாஸ்பேலம்னு ஒரு புல்லு தண்ணி மேல மண்டி, நீர்ப்பறவைகளுக்கு இரை தேட இடமே இல்லாம அடைச்சிடுச்சு. பறவையை காப்பாத்த போட்ட தடை பறவைக்கே இடைஞ்சலா முடிஞ்சது. பிறகு அதே கிராமத்துக்காரங்களை புல் அறுத்துட்டு போக விட வேண்டியதா போச்சு. இது போதாதுனு தண்ணி பிரச்சனை வேற, கம்பீர் நதியில மேல பாஞ்சனா அணை வந்ததும் பூங்காவுக்கு வர்ற தண்ணி குறைஞ்சு, விவசாயிக்கா பறவைக்கானு அரசியல் ஆயிடுச்சு. வேலிக்கு உள்ள என்ன நல்லா நிர்வாகம் பண்ணாலும் தண்ணி வெளிய இருந்துதானே வரணும்.

இதே பாயிண்டுக்கு இன்னொரு உதாரணம் மணிப்பூர்ல லோக்டாக் ஏரியில உள்ள கெய்புல் லாம்ஜாவோ. யூபிஎஸ்சி 2015 ப்ரிலிம்ஸ்ல மிதக்கும் தாவரங்கள் உள்ள சதுப்பு எந்த பூங்கானு கேட்டது இதைத்தான். மக்கின செடி, மண்ணு எல்லாம் சேர்ந்து மெத்தை மாதிரி மிதக்குற இதுக்கு பும்டினு பேரு, சங்காய் மான் அது மேலதான் நடமாடுது. வறண்ட காலத்துல ஏரி வத்தி பும்டி தரையில போய் உக்காரும், வேர் மண்ணுல இருந்து சத்து எடுக்கும், மழையில திரும்ப மேல வரும். 1983ல மின்சாரத்துக்காக இதாய் தடுப்பணை வந்து வருஷம் பூரா தண்ணி மட்டத்தை ஏத்தியே வச்சதால பும்டி கீழ இறங்குறது குறைஞ்சு, மெலிஞ்சிட்டே வருது, மெலிஞ்சா மான் பாரம் தாங்காது. பூங்காவுக்குள்ள ஒரு தப்பும் நடக்கல பாருங்க.

தமிழ்நாட்டு உதாரணம் ஒண்ணு கட்டாயம் வேணும், குரூப் 1-க்கு மன்னார் வளைகுடாவை எடுத்துக்கோங்க. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவு, அதுல 2 ஏற்கனவே கடலுக்குள்ள போயிடுச்சு, சுண்ணாம்புக்காக பவளப்பாறையை வெட்டினது ஒரு முக்கிய காரணம். அங்க ராமநாதபுரம் பக்கத்து பொம்பளைங்க விரல்ல துணியை சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டி கடல்ல முங்கி மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி எடுக்கிறது தலைமுறை தலைமுறையா நடக்கிற தொழில். தீவுப் பக்கம் போனா வனத்துறை கெடுபிடி. இன்னொரு பக்கம் வருமானத்துக்குனு வெளிநாட்டு இனமான கப்பாபைகஸ் பாசியை வளர்க்க விட்டதுல அது குருசடை தீவு பக்கம் பவளப்பாறை மேல படர்ந்துடுச்சு. கையால பாசி எடுத்தவங்களை தடுத்துட்டு பாறையை மூடுற பாசியை வளர்க்க விட்டதை எழுதினா எந்த கேள்விக்கும் பொருந்தும், என்னைக் கேட்டா பரத்பூருக்கு அடுத்து இதுதான் நல்ல கேஸ்.

வெறும் வனத்துறையை திட்டுற மாதிரியும் எழுதிடாதீங்க. ராஜஸ்தான்ல உள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்துல 2005 வாக்குல ஒரு புலி கூட இல்லைனு தெரிய வந்துச்சு, காவல் தளர்ந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அது ஆதாரம். அதுக்கு பிறகு புலிகள் பணிக்குழு, வனவிலங்கு சட்டத்துல 2006 திருத்தம், தேசிய புலிகள் காப்பக ஆணையம்னு வரிசையா வந்தது. அதே 2006ல காட்டுல வாழுற மக்களோட உரிமையை அங்கீகரிக்கிற வன உரிமைச் சட்டமும் வந்தது. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதினா பதிலுக்கு கனம் வரும். புலிகள் காப்பகக் காட்டை விட்டு வெளிய வர்ற குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய்னு இருந்த தொகையை பிறகு 15 லட்சமா உயர்த்தினாங்க, அதையும் ஒரு வரி போடுங்க.

பதில் எழுதும்போது வரலாறுக்கு ரெண்டு மூணு வரிக்கு மேல செலவு பண்ணாதீங்க, 1872ல ஆரம்பிச்சு அரை பக்கம் ஓட்டுறவங்களுக்கு கடைசியில நேரம் பத்தாது. நேரா ஒரு கேஸுக்குள்ள போங்க, சின்னதா மேப் வரைஞ்சு இடத்தை குறிங்க, தீர்வுனு எழுதுறதும் அந்த கேஸ்ல இருந்தே வரட்டும், பரத்பூர்னா புல் அறுக்கிற அனுமதி, லோக்டாக்னா தண்ணி மட்டத்தை பருவத்துக்கு ஏத்த மாதிரி இறக்குறது.

பழைய புக் வாங்குறவங்க ஒண்ணு மட்டும் செக் பண்ணிக்கோங்க. 2022 திருத்தத்துல வனவிலங்கு சட்டத்துல உள்ள அட்டவணைகளோட எண்ணிக்கை 6ல இருந்து 4 ஆயிடுச்சு, 2023 ஏப்ரல்ல அமலுக்கும் வந்துடுச்சு. செகண்ட் ஹேண்ட் கைடுல இன்னும் ஆறுன்னுதான் இருக்கும், அந்த சாப்டரை மட்டும் கிழிச்சு போட்டுட்டு புதுசா பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க.