அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கிய கதை

அப்பா 2023 பங்குனியில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதே மாமா கேட்டுவிட்டார்: "மாப்ளே, மிலிட்டரி பென்ஷனை அக்கா பேருக்கு மாத்தணுமே, எங்க போகணும்?" ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பதினோரு மாதம் ஆனது. எங்களைப் போல டிஸ்சார்ஜ் புத்தகத்தை (ராணுவத்தை விட்டு வரும்போது தரும் பணிப்பதிவு) பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறந்தே பார்க்காத குடும்பங்கள் வேலூர் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போன அடுத்த மாதமும் பென்ஷன் கணக்கில் ஏறியது. காரியச் செலவுக்குக் கை நீட்டிய இடமெல்லாம் கடன். அப்பாவின் ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். எடுக்கக் கூடாது. இறந்த தேதியோடு அவருடைய பென்ஷன் நிற்கிறது. மறுநாளிலிருந்து மனைவிக்கு உரிய குடும்ப ஓய்வூதியம் தொடங்குகிறது. அதற்குமேல் ஏறிய பணம் அரசாங்கத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். எங்களுக்குப் பிற்பாடு நிலுவையில் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை நான் கேட்ட பேச்சு தனி.

இப்போது பழைய ராணுவ பென்ஷன்கள் பெரும்பாலும் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறைக்கு மாறிவிட்டன. வங்கி வெறும் பணம் வந்து விழும் இடம்தான். முடிவெடுப்பது பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புத்துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகம். இது தெரியாமல் ஒரு வங்கிக் கிளைக்கு ஆறு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் "மேனேஜர் லீவு, திங்கள்கிழமை வாங்க" என்றார்கள். கடைசியில் அங்கே காவலுக்கு நின்ற முன்னாள் ராணுவக்காரர் ஒருவர்தான் பரிதாபப்பட்டு, "இங்க என்ன சார் பண்றீங்க? முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க" என்று வழி காட்டினார். மாவட்டத் தலைநகரில் இருக்கும் அந்த அலுவலகத்தில் எல்லோரும் பெரும்பாலும் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள். வாசலில் பெஞ்சில் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் உட்கார்ந்திருந்தார். சம்பளம் இல்லை, தானாகவே வந்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார். அவர் முதலில் கேட்டது: "அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டா, சாப்பர்ஸா?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு வயதில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து முழித்தேன். "மிலிட்டரி" என்று மட்டுமே தெரியும்.

அன்று இரவுதான் அப்பாவின் பெட்டியைத் திறந்தோம். கறுப்பு டிரங்குப் பெட்டி. அப்பா அதை 'பக்ஸா' என்பார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் எண்ணும் ரேங்கும் பெயரும். ரேங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்தைச் சுரண்டி மேலே வேறு எழுதியிருந்தது. பதவி உயர்வு வந்தபோது அவரே எழுதியிருப்பார் போல. உள்ளே நாப்தலின் வாசனை, ஒரு கம்பளி, பதக்க ரிப்பன்கள், அடியில் சிவப்பு நாடா கட்டிய டிஸ்சார்ஜ் புத்தகம். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். ராணுவத்தின் பொறியாளர் படை; சாப்பர்ஸ் என்பது இவர்களைத்தான். 1963இல் சேர்ந்திருக்கிறார், அதாவது சீனப் போர் முடிந்த மறு வருடம், ராணுவம் ஆள் திரட்டிக்கொண்டிருந்த நேரம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி. 1980இல் நாயக் என்ற ரேங்கில் வெளியே வந்திருக்கிறார். சுபேதாரிடம் காட்டினேன். "அட, நம்ம தம்பியா!" என்றார். மெட்ராஸ் சாப்பர்களுக்குத் 'தம்பி' என்றே பட்டப்பெயராம். அவருடைய குரலே மாறிவிட்டது. எனக்கும் அந்த நாளிலிருந்து தேநீர் அவர் செலவு.

பதக்கப் பக்கத்தில் விரல் வைத்து வரிசையாகப் படித்தார். 1965 போருக்கு ரக்ஷா மெடல். 1971க்கு சங்க்ராம் மெடலும் பஷ்சிமி ஸ்டாரும். பஷ்சிமி என்றால் மேற்கு முனை. கிழக்கே வங்கதேசப் பக்கம் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார். "மேற்கே சாப்பர்ஸ் என்ன பண்ணாங்க தெரியுமா தம்பி? டேங்க் போறதுக்கு முன்னாடி இவங்க போகணும். கண்ணிவெடி எடுக்க." 1971 டிசம்பர் 15 இரவு ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றின் கண்ணிவெடிக் களத்தில் சாப்பர்கள் பாதை திறக்க, பூனா ஹார்ஸ் என்ற படைப்பிரிவின் டாங்கிகள் அதில் போன கதையைச் சொன்னார். டாங்கி அதிகாரி அருண் கேத்தர்பாலுக்கு பரம்வீர் சக்ரா வாங்கித் தந்த சண்டை அது. அப்பா அந்த இடத்தில் இருந்தாரா, வேறு இடமா என்று புத்தகத்தில் இல்லை. ஆனால் நிலத்தில் உட்காரும் முன்னால் அப்பா ஒரு மெல்லிய கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்திப் பார்ப்பார். கேட்டால் "பாம்புப் பொந்து" என்பார். கண்ணிவெடியையும் அப்படிச் சாய்த்துத்தான் தேடுவார்களாம். நேராகக் குத்தினால் வெடிக்கும். இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது என் கற்பனையாகவும் இருக்கலாம். நிஜமாகவே பாம்பு உள்ள கொல்லைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1980இல் போட்ட பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையில், அம்மாவின் பெயரே இல்லை. படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் பதிவிலாவது இருக்கும் என்று சுபேதார் எழுதிப் போட்டார். கேட்டவை: இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புத்தக நகல், அம்மாவின் ஆதார், பான், பாஸ்புத்தகம், மறுமணம் செய்யவில்லை என்ற சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்து, விஏஓ விசாரணை முடிந்து வரவேண்டும். இதை இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பதிந்துவிடுங்கள். நாங்கள் தாமதமாகப் பதிந்தோம், நிறைய நாள் அதிலேயே போனது.

பதில் வந்தது. பதிவில் மனைவி பெயர் 'பாப்பா'. பிறந்த வருடம் 1954.

அம்மாவை ஊரே பாப்பா என்றுதான் கூப்பிடும். ஆதாரில் இருப்பது அவருடைய அப்பா வைத்த நீளமான பெயர். பிறந்த வருடம் 1951. அப்பாவிடம் படிவத்தில் மனைவி பெயர் கேட்டிருக்கிறார்கள், அவர் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். வருடத்தை எங்கிருந்து பிடித்தார் என்று தெரியவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே, "எனக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்" என்றார். ஆனால் சுபேதார் சிரிக்கவில்லை. எண்பது வயது ஆனால் குடும்ப ஓய்வூதியத்தில் இருபது சதவீதம் கூடும். பதிவில் 1954 என்று நின்றால் அம்மாவுக்கு அது மூன்று வருடம் தள்ளிப்போகும். பெயர், வயது இரண்டையும் ஒரே தடவையில் திருத்தச் சொன்னார். "இவரும் அவரும் ஒருவரே" என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி, பத்திரிகை விளம்பரம், ஊரில் இரண்டு சாட்சி.

அதே பதிலின் கீழே இன்னொரு வரி இருந்தது. குழந்தைகள்: மூன்று.

நாங்கள் இரண்டு பேர். நானும் தங்கையும். அலுவலக எழுத்தர் நேராகவே கேட்டார்: "வாரிசுச் சான்றிதழ்ல ரெண்டுதான் இருக்கு. இந்த முதல் பொண்ணு எங்க? 1972ல பொறந்ததா பதிவாகியிருக்கே." பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "அவ தவறிட்டா சார். ரெண்டு வயசுல. காய்ச்சல்" என்றார்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று ஏதோ கல்யாண வீட்டில் காதில் விழுந்திருக்கிறது. வீட்டில் யாரும் பேசியதில்லை. பிறப்பை அப்பா எழுதி அனுப்பியிருக்கிறார், ராணுவம் அதைப் பதிந்திருக்கிறது. இறப்பை எழுதவே இல்லை. கடைசி வரை அவர் கணக்கில் அவருக்கு மூன்று பிள்ளைகள்.

சுபேதார் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். நடத்தை என்ற இடத்தில் 'வெரி குட்' என்றிருந்தது. அதற்கு மேலே 'எக்ஸெம்ப்ளரி' உண்டு. சிவப்பு மைக் குறிப்பு, அதாவது தண்டனைப் பதிவு, ஏதாவது விழுந்திருந்தால் அது கிடைப்பது கஷ்டம் என்றார். "லீவு முடிஞ்சும் போகாம இருந்தாரா அம்மா?" அம்மா யோசிக்கவே இல்லை. "பன்னெண்டு நாள். சுட்டி, அதான் லீவு, முடிஞ்சிடுச்சு, பாப்பாவுக்கு முடியல. விட்டுட்டுப் போக மனசு வரல. அப்புறம் அவளைப் புதைச்சுட்டுத்தான் ரயிலேறினார். போனா தண்டனைனு அவருக்குத் தெரியும்." மகளையும் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் இரண்டு பாப்பா.

அதற்குச் சான்றிதழ் கிடையாது. 1974இல் எங்கள் ஊரில் ஒரு பச்சைப் பிள்ளை செத்ததை யார் பதிந்தார்கள். விஏஓ விசாரித்து, ஊர்ப் பெரியவர்கள் இருவர் கையெழுத்துப் போட, அம்மா உறுதிமொழி கொடுத்தார். எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன். "என் மூத்த மகள்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அங்கே தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ம், மேல படி" என்றார்.

மற்றதெல்லாம் தபாலும் காத்திருப்பும்தான். திருத்திய பி.பி.ஓ. 2024 பிப்ரவரியில் வந்தது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு குறைந்தாலும் மாதம் 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது, அதன்மேல் அகவிலைப்படி. நிலுவை மொத்தமாக ஏறியது, நான் எடுத்த ஒரு மாதப் பணம் கழித்து. அம்மா முதலில் மாமாவிடம் வாங்கிய கடனை அடைக்கப் போனார். மாமா மறுத்துவிட்டு, மிலிட்டரி கேண்டீன் கார்டு எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

எங்களைப் போல மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒன்று சொல்வேன். அப்பா உயிரோடு இருக்கும்போதே ஸ்பர்ஷ் கணக்கைத் திறந்து, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரே ஒரு கையெழுத்தில் திருத்தலாம். அவர் போனபின் நீங்கள் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டும்.

நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று. முப்பது வருடம் பீடி சுற்றிய கை, கைரேகை இயந்திரத்தில் ஒரு விரலும் ஏறவில்லை. பிறகு கைப்பேசியில் முகம் காட்டும் முறையில் முயன்றோம். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. அம்மா சிமிட்டாமல் என்னையே பார்க்கிறார். நான்காவது தடவை பச்சைக் குறி வந்தது.

"வருசா வருசம் இப்படிக் கண்ணடிக்கணுமா?"

"ஆமாம்மா."

"உங்கப்பா பாத்திருந்தா வெக்கப்பட்டிருப்பார்" என்று சொல்லிவிட்டு, குழந்தைகள் மூன்று என்றிருந்த அந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். இப்போது அது பக்ஸாவில், ரிப்பன்களுக்கு மேலே இருக்கிறது.