வலிக்கவில்லை என்கிறார்

ஜனவரி 4
முகப்பிலிருந்து உள்முற்றத்து வளவு வரைக்கும் சிவப்புப் பொட்டுகள். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையோடு கலந்து கிடந்ததால் முதலில் கண்ணில் படவில்லை. தொட்டேன், ஈரம். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இடது குதிகாலில் ஆணி, தலை மட்டும் வெளியே. "வலிக்கவே இல்லையே ஆத்தா" என்றார் என்னிடம், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

ஜனவரி 5
காரைக்குடி. அப்பச்சிக்கு வருஷக்கணக்காகச் சர்க்கரை வியாதி. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து அழுத்தினார். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் இழை. "படுதா?" பெருவிரல், அடிப்பாதம், எதற்கும் பதில் இல்லை. அப்புறம் டாக்டர் கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். அப்போது பார்த்து அப்பச்சி, "ம், படுது" என்றார். பரீட்சையில் தேறியாக வேண்டும் அவருக்கு.

ஜனவரி 6
ராத்திரி முழுக்கக் கால் எரிச்சல். போர்வை பட்டாலே ஆகவில்லை.

ஜனவரி 7
ஆணி தெரியாத காலுக்குப் போர்வை எப்படித் தெரிகிறது?

டாக்டர் சொன்னதையும் படித்ததையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். பாதத்தின் உணர்ச்சி நரம்புக்கு உயிரணு இருப்பது இடுப்புப் பக்கம், முதுகுத்தண்டை ஒட்டி. அங்கிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள இழை. அதற்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த அணுவிலிருந்துதான் வந்தாக வேண்டும். சர்க்கரை வருஷக்கணக்கில் அரிக்கும்போது நீளமான இழை முதலில் அடிவாங்குகிறது. கை நன்றாக இருக்க, கால் போவது அதனால்தான். முள் குத்தினால் மூளைக்கு எட்டும் முன்பே முதுகுத்தண்டு காலை இழுத்துக்கொள்ளும். அதற்கும் முதலில் சேதி போகணுமே. கெட்டுப்போன இழைகளாவது வாயை மூடிக்கொண்டு இருக்கின்றனவா என்றால் இல்லை. ஒன்றுமே நடக்காதபோதும் 'எரியுது, எரியுது' என்று மேலே சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நிஜ ஆணிக்குச் சேதி இல்லை. இல்லாத நெருப்புக்கு ராத்திரியெல்லாம் சேதி.

ஜனவரி 9
அயித்தை போன். "காலை எடுத்துருவாகளா?" கட் பண்ணிவிட்டேன்.

ஜனவரி 10
படுத்திருக்கும்போது பிரஷர் 150, எழுந்து நின்றதும் 118. மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்கணுமாம். நாம் எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும்; நம்மைக் கேட்காமலே நரம்பு ரத்தக்குழாய்களை இறுக்கிச் சமாளித்துவிடும். அந்த நரம்பும் அடிபட்டிருக்கிறது. கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்க என்று தினமும் சொல்கிறேன். மோட்டார் போட வேண்டுமென்று விருட்டென்று எழுகிறார். எரிச்சலுக்குக் கொடுத்த பிரிகாபலின் வேறு தலையைச் சுற்றுகிறது.

ஜனவரி 12
சாப்பிட உட்கார்ந்தால் அப்பச்சிக்கு நெற்றி, கழுத்தெல்லாம் வியர்த்து ஊற்றும். இத்தனை வருஷமும் மிளகாய் மேல்தான் பழி. மிளகாய்க்கும் இதில் சம்பந்தம் இல்லாமல் இல்லை: 43 டிகிரி வாக்கில் சூடு பட்டால் திறக்கும் நரம்பு வாயிலை மிளகாயின் கேப்சைசினும் திறந்துவிடும். அதைக் கண்டுபிடித்ததில்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபலில் பங்கு. ஆனால் என்னைப் பெற்ற ஆத்தா கேட்டதுதான் சரியான கேள்வி: "தயிர்சாதத்துக்குமா வேர்க்கும்?" இதுவும் அந்தத் தானியங்கி நரம்புக் கோளாறுதான் என்கிறார் டாக்டர்.

ஜனவரி 13
புண் அதே அளவு.

ஜனவரி 15
பொங்கல். அடுப்புப் பக்கம் அவரை விடவில்லை. கோபித்துக்கொண்டு இரண்டாங்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 17
படித்திருக்கவே கூடாது. இந்த நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாமாம். மூச்சு வாங்கும், வியர்க்கும், அவ்வளவுதான். வியர்வையா! மூன்று வேளையும் வியர்க்கிற மனுஷரிடம் எந்த வியர்வை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாப்பிடாத நேரத்து வியர்வை என்று கணக்கு வைத்திருக்கிறேன். மத்தியானம் கரண்ட் போனது, முகப்பில் உட்கார்ந்திருந்தவருக்கு வியர்த்தது, நான் ஓடினேன். "என்னத்தா, வெக்கை" என்கிறார். தை மாசத்தில் என்ன வெக்கை? எனக்கும் வியர்த்திருந்தது, அது வேறு விஷயம்.

ஜனவரி 18
தூங்குகிறாரா என்று போய்ப் பார்த்தேன். திரும்பவும் போனேன். "நீ தூங்கு" என்றார்.

ஜனவரி 20
குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்பும் நாள் நெருங்குகிறது. பழனிக்கு நடந்தே தீருவேன் என்கிறார், அதுவும் வெறுங்காலோடு. "வலிச்சாத்தானே நடக்க முடியாது? எனக்குத்தான் வலிக்கலையே." கத்திவிட்டேன். வலித்தால் நானே கூட வந்து நடப்பேன் அப்பச்சி. ஆத்தா குறுக்கே வந்து, முருகனுக்குத் தெரியாதா, கார்ல போனா வேண்டாம்னா சொல்வான் என்றார். பதில் இல்லை.

ஜனவரி 21
ராத்திரி கண்ணாடியை அடியில் பிடித்துப் பாதம் பார்த்தேன். வலது சுண்டுவிரலுக்குக் கீழே புதிதாக ஒரு கொப்புளம், சுற்றிலும் சிவப்பு, தொட்டால் சுடுகிறது. யாருக்கும் தெரியாமல் கோயிலுக்கு நடந்து பார்த்திருக்கிறார், ஒத்திகை. காருக்குச் சொல்லியாச்சு, காலை ஆறு மணிக்குக் காரைக்குடி. ரிப்போர்ட் ஃபைலை எங்கே வைத்தேன் என்று