இரவு ஷிஃப்டுக்கு ஆறு கட்டம் போதும்

ஸ்காடா (தொழிற்சாலை இயந்திரங்களைத் திரையில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்) வேலையில் எல்லாரும் ஆசையாகச் செய்வது ஆலையைப் படமாகக் காட்டும் மிமிக் திரையைத்தான். டேங்க் நீலமாக நிரம்பும், பம்ப் பச்சையாகச் சுற்றும், வாடிக்கையாளர் வந்து பார்த்தால் முகம் மலரும். அலாரம் பட்டியலுக்கு அந்த யோகம் இல்லை. மென்பொருளோடு வருவதை அப்படியே எடுத்துத் திரையின் அடியில் ஒட்டி, நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். கமிஷனிங் (இயக்கி ஒப்படைக்கும் வேலை) அட்டவணையில் அதற்குக் கடைசி நாளில் அரை நாள் கிடைத்தால் பெரிய விஷயம்.

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி என்று பல வருடம் சுற்றியபின் எனக்கு இதில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ராத்திரி மூன்று மணிக்கு ஆபரேட்டர் சரியான வால்வுக்கு ஓடுவாரா, தப்பான வால்வுக்கு ஓடுவாரா என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலின் தலைப்பு வரியில் இருக்கிறது. மிமிக் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலாரம் அடித்ததும் கண் முதலில் போவது அங்கேதான்.

இதை எனக்குப் புரியவைத்தது ஜிகணியில் ஒரு மருந்து கம்பெனியின் யுடிலிட்டி பிரிவு. சுத்திகரித்த நீர், சில்லர் (குளிர்நீர் இயந்திரம்), ஏர் ஹாண்ட்லிங் யூனிட் எல்லாம் ஒரே கன்ட்ரோல் ரூமில். ஆபரேட்டர்களில் பாதிப் பேர் ஓசூர்ப் பக்கம். கம்பெனி பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டி வருகிறவர்கள். அறைக்குள் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் கலந்து ஓடும். மூத்த ஆபரேட்டர் கிருஷ்ணகிரிக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளவே இல்லை.

அங்கே அலாரம் பட்டியலில் பதினெட்டுக் கட்டங்கள் (காலம்கள்) இருந்தன. தேதி, நேரம், நிலை, வகை, உள்வகை, முன்னுரிமை, டேக் பெயர் (ஒவ்வொரு அளவுக்கும் மென்பொருளில் உள்ள அடையாளம்), குழு, எந்த சர்வரிலிருந்து வந்தது, எந்தக் கணினி, யார் லாகின், குறிப்பு என்று வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும். எல்லையும் மதிப்பும் பார்க்க வேண்டுமானால் ஸ்க்ரோல் செய்ய வேண்டும். அண்ணாவிடம், "இதில் நீங்க எதைப் பாக்கறீங்க?" என்று கேட்டேன். "நாலு விஷயம் சார். என்ன, எங்க, எவ்வளவு, இன்னும் இருக்கா போயிடுச்சா. மத்ததெல்லாம் உங்க ஆபீசுக்கு" என்றார்.

அதற்கு மேல் யோசிக்க அதிகம் இல்லை. நேரம், விவரம், இடம், அப்போதைய மதிப்பு, எல்லை, நிலை. முன்னுரிமைக்குத் தனிக் கட்டம் வேண்டாம், வரியின் நிறமே போதும். முன்னுரிமை எண் ஆபரேட்டருக்குக் குழப்பம்தான்: இன்டச் என்ற ஸ்காடா மென்பொருளில் 1 முதல் 999 வரை, 1தான் மிகக் கடுமையானது, ஓ.பி.சி. என்ற தகவல் தொடர்புத் தரநிலையின் அலாரம் முறையில் 1 முதல் 1000 வரை, அங்கே 1000தான் கடுமையானது. இரண்டு சிஸ்டமும் ஒரே அறையில் இருந்தால் பழைய ஆள்கூடத் தடுமாறுவார்.

கட்டங்களைத் தேர்ந்தெடுப்பது சுலபம். அதற்குள் என்ன வந்து உட்காருகிறது என்பதில்தான் நாள்கள் போயின.

முதலில் விவரம். எல்லா வரியும் ஒரே மாதிரி ஆரம்பித்தது: 'பியூரிஃபைடு வாட்டர் சிஸ்டம் லூப் ஒன்று...'. எந்த அளவு, ஹையா லோவா என்பது வாக்கியத்தின் வாலில் இருந்தது. கட்டத்தின் அகலம் அதற்கு முன்பே முடிந்துவிடும். திரையில் பார்த்தால் ஏழெட்டு வரிகள் அச்சு அசலாக ஒன்றுபோலவே நிற்கும். கட்டத்தை அகலமாக்கினால் மற்றவை நசுங்கும். அதனால் வாக்கியத்தையே திருப்பிப் போட்டோம். 'ரிட்டர்ன் கண்டக்டிவிட்டி ஹை' (திரும்பிவரும் நீரின் மின்கடத்துதிறன் அதிகம்) முதலில், சிஸ்டம் பெயர் அங்கிருந்து கிளம்பி இடம் என்ற கட்டத்துக்குப் போனது. நூற்றுக்கணக்கான டேக்குகளுக்கு எக்செல்லில் உட்கார்ந்து மாற்றுவது எரிச்சலான வேலை. ஜூனியர் பையன் என்னைத் திட்டியபடியேதான் செய்தான்.

அப்புறம் மதிப்பு. நீரின் கண்டக்டிவிட்டிக்கு அமெரிக்க மருந்துத் தரநூல் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 1.3 மைக்ரோசீமென்ஸ் என்று எல்லை வைத்திருக்கிறது. ஒரு நாள் அண்ணா திரையைக் காட்டினார். விவரம்: ரிட்டர்ன் கண்டக்டிவிட்டி ஹை. எல்லை: 1.3. மதிப்பு: 0.8. "சார், 0.8 எப்படி 1.3ஐத் தாண்டிச்சு?" அவர் சிரிக்கவில்லை, பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

சென்சாரில் கோளாறு என்று அதற்கு முன்பே ஒரு முறை கழற்றிக் காலிப்ரேஷனுக்கு அனுப்பியிருந்தார்கள். சென்சார் நன்றாகத்தான் இருந்தது. லூப்பில் (நீர் சுற்றிவரும் குழாய் வட்டத்தில்) கண்டக்டிவிட்டி எப்போதாவது கண நேரம் துள்ளும். பி.எல்.சி. (களத்துக் கருவிகளை நேரடியாக இயக்கும் சின்னக் கணினி) தன் லாஜிக்கை மில்லிநொடிகளில் சுற்றிச் சுற்றி ஓட்டுவதால் அந்தத் துள்ளலைப் பிடித்து அலாரம் பிட்டை (ஆம்-இல்லை குறியை) ஏற்றிவிடும். ஸ்காடா நொடிக்கு ஒரு முறைதான் பி.எல்.சி.யைக் கேட்கிறது. பிட் ஏறியிருப்பதைப் பார்த்து, அந்த வேளையில் இருக்கும் மதிப்பைப் படித்துப் பக்கத்தில் எழுதிவைக்கிறது. அதற்குள் துள்ளல் அடங்கி 0.8க்கு வந்துவிட்டது. பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஒரே வரியில் இரண்டு வேறு கணங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் ஆபரேட்டருக்கு அது பொய்யாகத்தான் தெரியும். இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாம் தடவை நிஜமான அலாரத்தையும் "அது சும்மா" என்று அக் (பார்த்துவிட்டேன் என்ற பொத்தான்) அடித்துவிட்டுப் போவார்.

தீர்வு ஸ்காடாவில் இல்லை, பி.எல்.சி.யில். பிட் ஏறும் அந்தச் சுற்றிலேயே மதிப்பைத் தனி ரெஜிஸ்டரில் (நினைவிடத்தில்) நகலெடுத்து நிறுத்திவைக்க வேண்டும். அலாரக் கட்டத்தில் அந்த ரெஜிஸ்டரைக் காட்ட வேண்டும். ஒரு டேக்குக்கு இரண்டு வரி லாஜிக். மருந்து கம்பெனியில் அந்த இரண்டு வரிக்கு சேஞ்ச் கன்ட்ரோல் படிவம், சோதனை, கையெழுத்து என்று வாரக்கணக்கில் ஆகும். ஆயிற்று.

நேரக் கட்டத்திலும் இதே கதை இருக்கிறது. வாடிக்கையாளர் மேனேஜர் ஒருவர் மில்லிநொடி காட்டியே ஆக வேண்டும் என்றார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்: 02:14:37.412. ஆனால் அந்த .412ஐப் போட்டது சர்வர். நொடிக்கு ஒரு முறை கேட்கிற சர்வர். சில்லர் ட்ரிப் ஆகி நின்றதும் ஃப்ளோ ஸ்விட்ச், கம்ப்ரஸர், பம்ப் என்று பத்து அலாரம் ஒரே வாசிப்பில் வந்து விழும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் இருக்கும். அல்லது சர்வர் வரிசையாக எடுத்துப் பார்த்ததால் சின்ன வித்தியாசம் இருக்கும். எது முதலில் விழுந்தது என்று அதை வைத்துச் சொன்னால் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன மாதிரிதான். மின் நிலையங்களில் 1 மில்லிநொடித் துல்லியத்தோடு நிகழ்வு வரிசை எடுக்கிறார்கள் என்றால், அங்கே நேரத்தைக் குத்துவது களத்தில் இருக்கும் கருவியே. அந்த வசதி இல்லாத இடத்தில் மில்லிநொடியைக் காட்டாமல் இருப்பதுதான் நேர்மை. மேனேஜர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. சில்லருக்கு மட்டும் பி.எல்.சி.யில் முதல் காரணத்தைப் பிடித்துவைக்கும் லாஜிக் எழுதி, 'முதலில் விழுந்தது' என்று ஒரு தனி வரி கொடுத்த பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

இவ்வளவு கஞ்சத்தனமாகக் கட்டங்களைக் குறைக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கதை. 1994 ஜூலை 24 அன்று, வெடிப்புக்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு முன்னால் 275 அலாரங்கள் வந்தன. கணக்குப் போட்டால் ஒரு வரிக்கு இரண்டரை நொடிகூட இல்லை. பதினெட்டுக் கட்டத்தை அந்த நேரத்தில் யார் படிப்பது? அலாரங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் முக்கியமான வேலை, மறுக்கவில்லை. அலாரம் நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஏ. 18.2 தரநிலை 2009இல் வந்தது, 2016இல் திருத்தினார்கள். ஓர் ஆபரேட்டருக்கு ஒரு நாளில் சுமார் 150 அலாரம் வரை பரவாயில்லை, பத்து நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் வெள்ளம் என்பது அதன் கணக்கு. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க மாதக்கணக்கில் ஆகும். கட்டங்களை இன்றைக்கே குறைக்கலாம்.

அந்த 150ஐக் கேட்டதும் மேனேஜர் ஹிஸ்டரியை (பழைய அலாரங்களின் பதிவை) திறந்து வரிகளை எண்ணச் சொன்னார். எண்ணிக்கை பயங்கரமாக வந்தது. நேரடித் திரையில் ஓர் அலாரத்துக்கு ஒரே வரி. நிலை மாற மாற அதே வரி நிறம் மாறும். ஹிஸ்டரியில் அது வந்தது ஒரு வரி, அக் செய்தது ஒரு வரி, போனது ஒரு வரி. ஒன்று மூன்றாகிவிடும். நிலை என்ற கட்டத்தை வைத்து வடிகட்டாமல் எண்ணினால் மூன்று மடங்கு கணக்கு வரும். மேலிடத்துக்கு அப்படியே அறிக்கை போகிற இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

ஹிஸ்டரியில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அங்கே உட்காருகிறவர் அவசரத்தில் இல்லை. க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) ஆள்களுக்கு லாகின், கணினி, குறிப்பு எல்லாம் வேண்டும்; 1997இல் வந்த அமெரிக்க விதி, 21 சி.எஃப்.ஆர். பகுதி 11, மின்னணுப் பதிவில் யார் எப்போது செய்தார் என்று கேட்கிறது. யார் என்ற கட்டத்தில் ஷிஃப்ட் முழுக்க ஒரே பொது லாகின் பெயர் வந்துகொண்டிருந்தால், கட்டம் இருந்தும் பயன் இல்லை. தனித்தனி லாகின் கொடுத்தபோது ஆபரேட்டர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு நாள் தன் பெயரில் வேறு ஒருவர் அக் அடித்ததை அண்ணா கண்டுபிடித்த பிறகு முணுமுணுப்பு குறைந்தது.

தேதிக் கட்டத்தில்தான் கடைசிப் பஞ்சாயத்து. டேட்டாபேஸ் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. க்யூ.ஏ. பெண் நேராக அதிலிருந்து எக்செல்லுக்கு எடுத்ததில் அதிகாலை இரண்டு மணி அலாரம் முந்தின நாள் இரவு எட்டரை என்று வந்து நின்றது. அதிலிருந்து தேதி இல்லாத எந்தத் திரையிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அண்ணாவோ, "இன்னிக்கி என்ன தேதின்னு எனக்குத் தெரியும் சார், அது பாட்டுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டிருக்கு" என்றார். ஹிஸ்டரியிலும் எக்செல்லிலும் ஐந்தரை மணி நேரம் கூட்டிய தேதி, நேரடித் திரையில் முந்தின நாளிலிருந்து நிற்கும் வரிகளுக்கு மட்டும் தேதி என்று முடித்தோம். மிச்சமான இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அந்த ஷிஃப்டில் கண்ணாடி போட்டவர்கள்தான் அதிகம்.