ஜோடி சேராத பழைய ட்ரம் ஷெல்களுக்கு இரண்டு மீட்டர் கார் ஃபிலிம்

ஒரு ஷெல் (ட்ரம்மின் மர உருளை) சிவப்பு ஸ்பார்க்கிள், இன்னொன்று நீல முத்து, மூன்றாவதில் யாரோ அடித்த வீட்டு எனாமல். 1960களின் ஜப்பானிய ஷெல்கள் பெரும்பாலும் இப்படி உதிரியாகத்தான் கிடைக்கும். விலை குறைவு, சத்தமும் மோசமில்லை, சேர்த்து வைத்தால்தான் கண்ணை உறுத்தும்.

எல்லாவற்றையும் ஒரே நிறமாக்க எதையும் உரிக்கும் முன் பிராண்ட் பேட்ஜைப் பாருங்கள். லட்விக், கிரெட்ச், ஸ்லிங்கர்லாண்ட் போன்ற அமெரிக்க பிராண்ட் ஷெல்லில் அசல் ராப் (ஷெல்லைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் உறை) உடையாமல் இருந்தால் கை வைக்காதீர்கள். உரித்தால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். அதை விற்ற பணத்தில் வேறு ஷெல் வாங்கிக்கொள்ளலாம்.

பெயின்டுக்குப் பொருள் செலவு கம்மி, உடம்புதான் நோகும்: பட்டி, உப்புத்தாள், பிரைமர், நாலைந்து கோட். சுவருக்கு ஒட்டும் காகிதம் லக் (டியூனிங் ஸ்குரூவைப் பிடிக்கும் உலோகத் துண்டு) ஓரங்களில் கிழியும். ட்ரம்முக்கென்றே விற்கும் ராப் அழகானது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அது சுமார் 0.5 மி.மீ. தடிமன், அதாவது விட்டத்தில் 1 மி.மீ. கூடும், மூட்டில் இன்னும் அதிகம். பழைய ஷெல்கள் ஏற்கெனவே கொஞ்சம் பெருத்தோ வட்டம் கோணியோ இருக்கும். இன்றைய ஹெட் (மேலே பூட்டும் தோல்) இறங்காமல் பிடித்துக்கொண்டால் டியூனிங் அதோடு சரி. பல பிராண்ட் ஷெல்கள் கலந்த செட்டில் இந்தத் தொல்லை நிச்சயம் ஏதாவது ஒன்றில் வரும். கார் ராப் ஃபிலிமோ பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். என் ஓட்டு அதற்கே.

கணக்கைப் பாருங்கள். விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, மூட்டில் ஒன்றன்மேல் ஒன்று படிய 2.5 செ.மீ. சேர்த்தால் 22 அங்குல பேஸுக்கு 178 செ.மீ., 16 அங்குல ஃப்ளோர் டாமுக்கு 130, 13 அங்குல டாமுக்கு 106, 12 அங்குல டாமுக்கு 98. உயரங்கள் 14, 16, 9, 8 அங்குலம் என்றால் மொத்தம் 119 செ.மீ. ஃபிலிம் ரோலின் அகலம் 152 செ.மீ. என்பதால், நான்கு பட்டைகளையும் பக்கம் பக்கமாக வெட்ட இரண்டு மீட்டர் நீளம் போதும். மிச்சத்தில் ஒரு ஸ்னேரும் அடங்கும். கடையில் 'காஸ்ட்' ரகம் கேளுங்கள். மலிவான 'காலண்டர்டு' ரகம் நாளாக ஆகச் சுருங்கி மூட்டைத் திறந்துவிடும்.

பழைய ராப் பலவற்றில் மூட்டில் மட்டும்தான் பசை இருக்கும், ஸ்கிராப்பரை நுழைத்தாலே கழன்றுவரும். ஒட்டிக்கொண்டால் ஹேர் ட்ரையரின் இளஞ்சூடு போதும். ஹீட் கன் மட்டும் வேண்டாம். அந்தக் காலத்து முத்து ராப்களில் பல நைட்ரோசெல்லுலோஸ், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

ஃபிலிம் மெலிது என்பதே அதன் குறையும்கூட: அடியில் இருக்கும் குழி, பசைத் திட்டு, பழைய மூட்டின் வரப்பு எல்லாம் வெளியே தெரியும். வேண்டாத துளைகளையும் குழிகளையும் பட்டியால் அடைத்து, 120, 220 உப்புத்தாளில் தேய்த்து, மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் இரண்டு கோட் கொடுங்கள். வெறும் மரத்தில் ஃபிலிமின் பசை பிடிக்காது. சீலர் நன்றாகக் காய ஒரு நாள் விடுங்கள், ஈரம் இருந்தால் கொப்புளம் வரும்.

மூட்டு ஒரு லக் வரிசையின் அடியில் வரும்படி தொடங்குங்கள்; ஃபிலிம் மேல் ஃபிலிம் பசை அவ்வளவாகப் பிடிக்காது, லக்தான் அதை அமுக்கிப் பிடிக்கும். பேஸ் ட்ரம்முக்குத் தரையைப் பார்த்த பக்கத்து லக் வரிசை. பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜியால் (தட்டையான பிளாஸ்டிக் தேய்ப்பான்) தள்ளுங்கள். இழுக்காதீர்கள், இழுத்த ஃபிலிம் பிறகு சுருங்கும். பேரிங் எட்ஜுக்கு (ஹெட் உட்காரும் ஷெல் விளிம்பு) 3 மி.மீ. கீழேயே வெட்டி நிறுத்துங்கள். பேட்ஜைக் கழற்றினால் அதைப் பிடித்திருக்கும் குரோமெட் என்ற உலோக வளையம் பிளந்துபோகலாம், பேட்ஜைச் சுற்றிக் கத்தியால் வெட்டுவதே பாதுகாப்பு.

லக் துளைகளுக்கு ட்ரில் போட்டால் ஃபிலிம் பிட்டில் சுற்றிக்கொண்டு கையளவு கிழியும். உள்ளிருந்து ஊசியால் குத்தி, வெளியிலிருந்து புதுப் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, முனைகளை உள்ளே மடக்குங்கள். ஒரு நாள் கழித்து லக்கை மாட்டும்போது அடியில் மெல்லிய ரப்பர் கேஸ்கட் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்குரூவை முறுக்கும்போது லக் நகர்ந்து ஃபிலிமையும் சுருட்டும்.