காற்றாடிமலையில் ஒரு சாயங்காலத் திருப்பலி

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி யாராவது சொன்னால் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பீடத் துணியின் நான்கு மூலையிலும் கிளிப் போட்டிருந்தும் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, சாமியார் பேசுவதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. ஆனாலும் யாரும் நகரவில்லை. ஜனவரி 14, புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட நாள், 1752-இல் ஆரல்வாய்மொழியின் இதே காற்றாடிமலையில்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருநெல்வேலி பஸ் பிடித்துப் போனேன். பொங்கல் சமயம் என்பதால் தோவாளையில் பூ வாங்க வந்தவர்களே பாதி பஸ்ஸை நிறைத்துவிட்டார்கள், நின்றுகொண்டே போக வேண்டியதாயிற்று. சரி, திருவிழா என்றால் அப்படித்தான்.

நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர் தேவசகாயம். குளச்சல் போரில் 1741-இல் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே படை பயிற்றுவித்த டச்சுத் தளபதி டிலனாய்தான் இவருக்கு, துன்பத்திலும் விசுவாசத்தை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவர் ஓர் இத்தாலிய இயேசு சபைக் குரு. அரண்மனை உத்தியோகஸ்தர் மதம் மாறியதோடு நிற்காமல் எல்லாச் சாதிக்காரரோடும் சமமாகப் பழகவும் ஆரம்பித்தது பலருக்குப் பொறுக்கவில்லை. 1749-இல் கைது, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம், அடி, காயத்தில் மிளகாய்ப்பொடி, கடைசியில் இந்த மலை.

அதே வடக்கன்குளத்தில் பின்னால் கட்டிய கோயிலுக்குள் வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று பிரித்து நடுவே சுவர் வைத்திருந்தார்கள், அதை இடிக்க 1910 வரை ஆனது என்பதும் நம் சரித்திரம்தான். கூரை போட்டால் நாம் உள்ளே சுவரும் வைத்துவிடுகிறோம். அதனாலேயே எனக்குக் கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறை முன்னால் நிற்பதைவிட, இந்த வெட்டவெளிப் பூசை ஒருபடி மேல்.

நான் உட்கார்ந்த இடத்தைச் சொல்கிறேன். வலது பக்கம் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஒரு மலையாளக் குடும்பம். முன்னால் கடற்கரை ஊர்ப் பெண்கள், பாட்டு எடுப்பதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. இடது பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பையன்கள், வேலை முடிந்து குளித்துத் தலை வாரி வந்திருந்தார்கள். இடமில்லாமல் நின்றவர்களைப் பார்த்து ஒரு பாட்டி தன் சாக்கை விரித்து, "இரி மக்களே, காலு வலிக்கும்லா" என்றார். அவர்களுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, உட்கார்ந்துவிட்டார்கள். மன்றாட்டு தமிழிலும் மலையாளத்திலும் முடிந்த பிறகு அவர்களில் ஒருவன் இந்தியில் ஒன்று வாசித்தான், கை நடுங்கியது, தாளைக் காற்று பிடுங்கியது, மொத்தக் கூட்டமும் அவனவன் மொழியில் பதில் சொன்னது. அப்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

பூசை முடிந்து மணியடிச்சான் பாறைக்குப் போனோம். கல்லால் தட்டினால் வெண்கல மணி மாதிரிக் கணீரென்று ஒலிக்கிற பாறை. அவரைச் சுட்டபோது மேலிருந்து விழுந்தது என்று சொல்வார்கள். நெற்றியில் திருநீறோடு ஒரு அண்ணாச்சி தன் பேத்தியைத் தூக்கிப் பிடித்துத் தட்ட வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் இதெல்லாம் சாதாரணம், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒரு பெரியவர், புனிதர் பட்டம் கொடுக்கும்போது பெயரிலிருந்து பிள்ளை என்பதை எடுத்துவிட்டார்களே என்று வெகுநேரம் குறைப்பட்டுக்கொண்டே வந்தார். ரோமில் 2022 மே 15-இல் பிள்ளை இல்லாமல்தான் அறிவித்தார்கள், எனக்கு அது சரியென்றே படுகிறது. பூக்கூடையோடு ஏறியிருந்த ஒரு அக்கா கேட்டுக்கேட்டுப் பொறுக்காமல், "சாமிக்கே வேண்டாம்னு போட்டது ஒமக்கு எதுக்கு?" என்றார். வெள்ளமடம் வரைக்கும் பஸ்ஸில் அதே விவாதம்தான், கண்டக்டர் உட்பட.

போகிறவர்கள் தலைக்குத் துண்டு கொண்டுபோங்கள், தொப்பி நிற்காது. புலியூர்க்குறிச்சியும் பார்க்க ஆசையென்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், அது நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம். அங்கே உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறையில் தமிழும் லத்தீனும் சேர்ந்தே வெட்டியிருக்கும்.