ஹாரி பிரவுனின் நாற்காலி

1970-ல் ஓர் அமெரிக்கக் குடிமகன் வீட்டில் தங்கக் கட்டி வைத்திருந்தால் அது சட்டப்படி குற்றம். 1933-ல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த தடை அது. 1974 டிசம்பர் 31 அன்றுதான் நீங்கியது. அரசுகளுக்கிடையே அவுன்ஸ் 35 டாலர் என்பதே அதிகாரபூர்வ விலை. டாலர் அசையாது என்று எல்லோரும் நம்பிய அந்தக் காலத்தில் ஹாரி பிரவுன் என்ற முதலீட்டு எழுத்தாளர் தன் முதல் முதலீட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். டாலரின் மதிப்பை அரசு குறைத்தே ஆக வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம்.

கணக்கு எளிமையானதுதான். வெளிநாடுகளின் கையில் குவிந்திருந்த டாலர்களை எல்லாம் அவுன்ஸுக்கு 35 வீதம் மாற்றித் தரச் சொன்னால், கொடுக்கும் அளவுக்கு அமெரிக்கக் கஜானாவில் தங்கம் இல்லை. 1971 ஆகஸ்ட் 15 அன்று, டாலருக்குத் தங்கம் தரும் ஜன்னலை நிக்சன் மூடினார். அதிகாரபூர்வ விலை 38 டாலராகி, 1973-ல் 42.22 டாலராகி, பிறகு விலைப்பலகையே கழன்று விழுந்தது. 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டது. தங்கம், வெள்ளி, சுவிஸ் பிராங்க் என்ற நாணயம் என்று பிரவுன் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் அந்தப் பத்தாண்டில் பலமடங்கு ஏறின; பிராங்க் டாலருக்கு எதிராக இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. பொருளாதாரப் பட்டம் எதுவும் இல்லாத மனிதர் அவர். 1933-ல் நியூயார்க்கில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர்.

ஒரு கணிப்பு இப்படிப் பலித்துவிட்டால், அந்த ஒன்றை வைத்தே ஆயுள் முழுக்கப் பிழைப்பு ஓட்டலாம். சந்தாதாரர்களுக்கு முதலீட்டு யோசனை எழுதி அனுப்பும் செய்திமடல் தொழிலில் அதுதான் வழக்கம்: ஒருமுறை பலித்த குறியைப் பத்தாண்டுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது. பிரவுன் 1974 முதல் 1997 வரை சொந்தமாகச் செய்திமடல் நடத்தியவர். சந்தாதாரர்கள் அவரிடம் எதிர்பார்த்தது அடுத்த குறியைத்தான். அவரோ படிப்படியாக எதிர்த்திசையில் போனார். எதிர்காலத்தை எவராலும் கணிக்க முடியாது, குறி சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள், அதில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம். அவரைப் பற்றி எழுதத் தூண்டுவது இந்தத் திருப்பம்தான்.

அவர் செய்த முதல் காரியம் பணத்தை இரண்டாகப் பிரித்தது. இழந்தால் திரும்பச் சம்பாதிக்க முடியாத பணம் ஒரு பக்கம். போனால் போகட்டும் என்று வைத்திருக்கும் பணம் மறுபக்கம். முதலாவதற்கு நிரந்தரப் போர்ட்ஃபோலியோ, அதாவது நிரந்தர முதலீட்டுத் தொகுப்பு, என்று பெயர் வைத்தார். இரண்டாவதில் என்ன ஊகம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, இரண்டாவது பை காலியானால் முதலாவதிலிருந்து எடுத்து நிரப்பக் கூடாது. இந்த நிபந்தனையை மீறித்தான் பலர் கெட்டுப்போகிறார்கள்.

நிரந்தரப் பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. 1982-ல், டெர்ரி காக்ஸனோடு அவர் உருவாக்கிய யோசனையின் அடிப்படையில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் தொடங்கியது. அதில் தங்கம் 20 சதவீதம், வெள்ளி 5, சுவிஸ் பிராங்க் சொத்துகள் 10, நிலம் மற்றும் இயற்கை வளப் பங்குகள் 15, வேகமாக ஏறி இறங்கும் பங்குகள் 15, அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்கள் 35. ஆறு கூறு. 1987-ல் வந்த புத்தகத்தில் அவரே இதைச் சுருக்கி, தமிழில் நாற்காலி என்று சொல்லிவிடத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நான்கு சொத்து, ஒவ்வொன்றும் கால் பங்கு. தமிழில் கால் என்பது கால் பங்கும்தான், தாங்கும் காலும்தான். இந்த அமைப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

பொருளாதாரம் நான்கு நிலைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும் என்று வைத்துக்கொண்டார். செழிப்பு வந்தால் பங்குகள் தாங்கும். விலைவாசி இறங்கி வட்டியும் சரிந்தால் நீண்டகாலக் கடன் பத்திரம் தாங்கும். பணவீக்கம் தலைவிரித்தால் தங்கம். பணத்தட்டுப்பாடும் மந்தமும் வந்தால் ரொக்கம். நாளை எது வரும் என்று தெரியாததால் நான்குக்கும் சமமாக இடம்.

25 சதவீதம்தான் ஒரு காலுக்கு. அந்தக் கால் மற்ற மூன்றின் இறக்கத்தையும் ஈடுசெய்ய வேண்டும் என்றால், அது சாதுவாக இருக்கக் கூடாது. தன் காலம் வரும்போது துள்ளி ஏற வேண்டும். கடன் பத்திரத்தில் அவர் 10 ஆண்டு பத்திரத்தை ஒதுக்கி, 30 ஆண்டு கருவூலப் பத்திரத்தை (அமெரிக்க அரசின் கடன் பத்திரம்) கேட்டது இதனால்தான். வட்டி ஒரு சதவீதம் இறங்கினால் 10 ஆண்டு பத்திரத்தின் விலை ஏறத்தாழ 8 சதவீதம் ஏறும். 30 ஆண்டு பத்திரம் அதைப்போல் இரண்டு மடங்கு ஏறும். அதையும் முதிர்வு வரை வைத்திருக்கக் கூடாது. முதிர்வுக்கு 20 ஆண்டு மிச்சம் இருக்கும்போதே விற்றுவிட்டுப் புதிய 30 ஆண்டு பத்திரம் வாங்க வேண்டும். இதை மறந்து பெட்டியில் போட்டு வைத்தால், பத்திரம் ஆண்டுக்காண்டு சோம்பலாகி, தேவைப்படும் நாளில் கால் வலுவிழந்து நிற்கும். தனியார் நிறுவனக் கடன் பத்திரம் கூடவே கூடாது. நெருக்கடியில் அது பங்குகளோடு சேர்ந்து விழும்.

பங்குக் காலில் தேர்வே கிடையாது. சந்தையில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் பரந்த இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, எப்போதும் முழுக்க முதலீட்டில். திறமையான நிர்வாகி என்று ஒருவரைத் தேடிப் போனால், சந்தை ஏறும் நாளில் அவர் ரொக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அன்றைக்கு நமக்குப் பங்குக் காலே இல்லாமல் போகும்.

தங்கத்தில் பொன்காசு: க்ரூகராண்ட், மேப்பிள் லீஃப், அமெரிக்கன் ஈகிள் போன்றவை. சேகரிப்பாளர்கள் தேடும் அரிய பழங்காசுகளை அவர் ஏற்கவில்லை. அவற்றின் விலையில் உலோகம் ஒரு பகுதிதான், மீதி ரசனை. நம் ஊர் வாசகர்கள் கேட்பார்கள் என்று தெரியும், ஆகவே சொல்லிவிடுகிறேன்: வீட்டு நகையை இந்தக் காலில் சேர்க்காதீர்கள். செய்கூலியும் சேதாரமும் வாங்கும்போதே போய்விடுகின்றன. அதைவிட முக்கியம், பின்னால் சொல்லப்போகும் விதிப்படி, மொத்தத்தில் 35 சதவீதத்தைத் தாண்டியதும் விற்க வேண்டிய சொத்து இது. தாலிக்கொடியை யாரும் விற்கப் போவதில்லை. விற்க மனம் வராத எதுவும் இந்தக் கணக்கில் சேராது.

ரொக்கக் காலில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அதில் ஆபத்தே இல்லை என்று தோன்றும். பிரவுன் கேட்டது அரசின் குறுகிய காலக் கடன் சீட்டுகளான கருவூல உண்டியல்களை மட்டும் வைத்திருக்கும் ஃபண்ட். அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காக நிறுவனக் கடன் சீட்டுகளை வைத்திருக்கும் ஃபண்டைத் தொடாதே என்றார். அவர் இறந்த பிறகு, 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானது. மறுநாள், லேமனின் சீட்டுகளை 78.5 கோடி டாலருக்கு வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்டின் ஒரு டாலர் யூனிட் ஒரு டாலருக்குக் கீழே போனது. கணக்கு வைத்திருந்தவர்கள் நினைத்த உடனே பணத்தை எடுக்க முடியவில்லை. ரொக்கம் கைக்கு வராவிட்டால் அதை ரொக்கம் என்று சொல்ல முடியாது.

அடுத்தது சமன்படுத்துவது. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஏதாவது ஒரு கால் 35-ஐத் தாண்டினாலோ 15-க்குக் கீழே இறங்கினாலோ மட்டும் நான்கையும் மறுபடி 25 ஆக்க வேண்டும். உதாரணம்: ஒரு லட்சம் டாலரில் தொடங்குகிறோம். சில காலம் கழித்துத் தங்கம் 50,000, பங்கு 27,000, பத்திரம் 22,000, ரொக்கம் 26,000. மொத்தம் 1,25,000, தங்கம் 40 சதவீதம். ஒவ்வொரு காலும் 31,250 ஆக வேண்டும். தங்கத்தில் 18,750-க்கு விற்று, பங்குக்கு 4,250, பத்திரத்துக்கு 9,250, ரொக்கத்துக்கு 5,250. வேலை முடிந்தது.

35, 15 என்ற எல்லைகள் அகலமாகத் தோன்றும். மற்ற மூன்றும் அசையாமல் இருந்தால், ஒரு கால் 35-ஐத் தொட ஏறத்தாழ 62 சதவீதம் ஏற வேண்டும். 15-ஐத் தொட 47 சதவீதம் விழ வேண்டும். ஆகவே பல ஆண்டுகள் எதுவும் செய்யாமல் கடக்கும். வரியும் தரகும் மிச்சம். அதைவிட, கை துறுதுறுப்பவர்களுக்கு இது ஒரு கடிவாளம்.

2008-ஐ இந்த விதியில் ஓட்டிப் பாருங்கள். அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500 சுமார் 37 சதவீதம் விழுந்தது. நீண்டகாலக் கருவூலப் பத்திரம் ஏறத்தாழ 34 சதவீதம் ஏறியது. தங்கம் 4 அளவில் ஏறியது, ரொக்கம் ஒன்றரை. கூட்டிக் காலால் பெருக்கினால் ஆண்டு முடிவில் அரை சதவீதத்துக்குச் சற்றே மேல் லாபம். பங்குக் கால் 15.6-ல் நின்றது. 2009-ன் தொடக்க மாதங்களில் அது 15-க்குக் கீழே போனபோது, எல்லோரும் பங்கை விட்டு ஓடிய நேரத்தில், கணக்கைப் பார்த்தவரிடம் விதி பத்திரத்தை விற்றுப் பங்கு வாங்கச் சொன்னது. மார்ச் 9-ல் சந்தை அடியைத் தொட்டுத் திரும்பியது. யாரும் எதையும் கணிக்கவில்லை.

இப்படி ஒரு அமைப்பைச் சொல்லிக்கொடுத்த செய்திமடல்காரரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தரகு வாங்குபவருக்கு வாசகர் அடிக்கடி வாங்கி விற்க வேண்டும். சந்தாவில் வாழ்பவருக்கு வாசகர் அடிக்கடி பதற வேண்டும். இவரது முறையைப் புரிந்துகொண்ட வாசகருக்கு ஆண்டுக்கு ஒரு நாள் போதும். தன் சரக்கின் தேவையைத் தானே குறைத்துக்கொண்டார். சட்டமும் இந்தத் தொழிலைத் தனியாகப் பார்க்கிறது. 1985-ல் லோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனிப்பட்ட ஒருவரின் பணத்துக்கு ஏற்றபடி ஆலோசனை சொல்லாமல், எல்லா வாசகருக்கும் பொதுவாக, முறையாக வெளிவரும் செய்திமடலை நடத்துபவர் முதலீட்டு ஆலோசகராகப் பதிவுசெய்ய வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. வாசகருக்கு இதன் பொருள், செய்திமடல் உங்களை அறியாது என்பது. உங்கள் கடன், வயது, மகளின் படிப்புச் செலவு எதுவும் அதற்குத் தெரியாது. பிரவுன் இதைத் தன் விதிகளிலேயே வைத்தார்: முடிவு உன்னுடையது, உன் பணத்தின் மீது கையெழுத்திடும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்காதே, புரியாததில் பணம் போடாதே, கடன் வாங்கி முதலீடு செய்யாதே. எல்லாவற்றுக்கும் முதலில், செல்வம் உன் தொழிலிலிருந்து வருகிறது, முதலீடு அதைக் காக்கத்தான்.

அரசியலிலும் இதே பிடிவாதம். 1996-லும் 2000-லும் அரசின் தலையீட்டைக் குறைக்கச் சொல்லும் லிபர்டேரியன் கட்சி வேட்பாளராக அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்று, முறையே 4,85,798 மற்றும் 3,84,431 வாக்குகள் பெற்றார். 2006 மார்ச் 1 அன்று டென்னசியின் ஃபிராங்க்ளினில், ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் 72 வயதில் இறந்தார்.

முறையில் ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். பணத்தட்டுப்பாட்டில் எந்தச் சொத்தும் பெரிதாக ஏறாது; ரொக்கம் அடியைத் தணிக்கும், அவ்வளவுதான். 1981-ல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் வோல்க்கர் வட்டியை இறுக்கியபோது தங்கம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. கருவூல உண்டியல் 14 சதவீதத்துக்கு மேல் கொடுத்தும் மொத்தத்தில் நஷ்டம்தான். இன்னொரு ஓட்டை மனிதர்களிடம் இருக்கிறது. 1980-ல் 850-ஐத் தொட்ட தங்கம் 1999-ல் சுமார் 250 டாலருக்கு வந்தது. இருபது ஆண்டு எதுவும் கொடுக்காத காலை வெட்டிவிடத்தான் யாருக்கும் தோன்றும். வெட்டியவர்கள் 2000-க்குப் பிந்தைய ஏற்றத்தில் மூன்று காலோடு இருந்தார்கள். 2010-களில் வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது, இனி ஏற இடமில்லை என்று பத்திரத்தை விட்டார்கள். 2022-ல் அவர்கள் சொன்னது சரியாகிவிட்டது போலவும் இருந்தது.

அந்த ஆண்டைப் பார்த்துவிடலாம். ஜனவரியில் கால் காலாக ஒரு லட்சம் டாலர். பங்கு 18 சதவீதம் விழுந்து சுமார் 20,500. நீண்டகாலப் பத்திரம் 31 சதவீதம் விழுந்து 17,200. தங்கம் அப்படியே நின்று 24,900. ரொக்கம் 25,400. மொத்தம் 88,000, 12 சதவீத நஷ்டம், இந்த முறைக்கு மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று. இப்போது கால்களை அளந்து பாருங்கள்: பங்கு 23.3, பத்திரம் 19.5, தங்கம் 28.3, ரொக்கம் 28.9. எதுவும் 15-க்குக் கீழே இல்லை, 35-க்கு மேலே இல்லை. விதிப்படி அந்த டிசம்பரில் விற்கவோ வாங்கவோ எதுவும் இல்லை.