நேம் பிளேட்டில் இல்லாத எண்ணெய்

எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களை ஒழிப்பதற்காக உலக நாடுகள் போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் என்றதும் நம் பக்கம் பலருக்கு நினைவுக்கு வருவது எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களைப் பற்றியும், 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் விதித்த தடையைப் பற்றியும் செய்தித்தாள்கள் நிறையவே எழுதின. அதே ஒப்பந்தத்தின் இன்னொரு மூலையில்தான் என் வேலை இருந்தது. பிசிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல். இது பூச்சிமருந்து கிடையாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர்களுக்குள் இருக்கும் எண்ணெய். கோவைப் பக்கத்து ஆலைகளின் மின் அறைகளுக்குப் போய் ஆயில் சாம்பிள் எடுத்து வந்து, அதில் பிசிபி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளராக இருந்தேன்.

2001 மே மாதம் ஸ்டாக்ஹோமில் கையெழுத்துக்கு வந்த இந்த ஒப்பந்தம், 2004-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் பட்டியலில் 12 நச்சுகள். அதில் பிசிபியும் ஒன்று. இந்தியா 2006 ஜனவரியில் சேர்ந்தது. சேர்ந்த ஒவ்வொரு நாடும் இரண்டு ஆண்டுகளுக்குள் தன் தேசியச் செயல்திட்டத்தைக் கொடுக்க வேண்டும். நம்முடையது 2011-இல்தான் போய்ச் சேர்ந்தது. பிறகு 2016 ஏப்ரலில், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிசிபிக்கென்று தனி ஆணை வந்தது. தயாரிப்புக்கும் இறக்குமதிக்கும் உடனே தடை. ஏற்கெனவே இருப்பதன் பயன்பாட்டை 2025 டிசம்பர் 31-க்குள் அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்றது அந்த ஆணை. கழிவை முறைப்படி அழித்து முடிக்க ஒப்பந்தம் வைத்திருக்கும் கெடு 2028.

தாளில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பிசிபியைப் பொறுத்தவரை தடை என்பது வேலையின் ஒரு சின்னப் பகுதி. இந்தியாவில் பிசிபியைத் தயாரித்ததே இல்லை. வந்ததெல்லாம் வெளிநாட்டு இயந்திரங்களின் வயிற்றுக்குள் வந்தது. உற்பத்திக் கணக்கு என்று புரட்டிப் பார்க்க ஒரு பேரேடு கிடையாது. எந்த ஆலையில், எந்த ஷெட்டில், எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தால்தான் உண்டு. இல்லாததாக நினைத்துக்கொண்டிருக்கும் பொருளைத் தடை செய்து என்ன பயன்? இருப்புக் கணக்கு எடுப்பதுதான் இந்த ஒப்பந்தத்தின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒப்பந்தமே அதற்கு மூன்று படி வைத்திருக்கிறது. 10 சதவீதத்துக்கு மேல் பிசிபி உள்ள கருவிகளை முதலில் கண்டுபிடித்து, லேபிள் ஒட்டி, அகற்ற வேண்டும். அடுத்தது 0.05 சதவீதத்துக்கு மேல் உள்ளவை. கடைசியில் 0.005 சதவீதம், அதாவது ஒரு கிலோ எண்ணெயில் 50 மில்லிகிராம். எங்கள் பேச்சில் 50 பிபிஎம். அந்த 50-க்கு மேலா கீழா என்பதுதான் ஆலைக்காரர்கள் எங்களிடம் கேட்கும் ஒரே கேள்வி.

முதல் படியில் உள்ளதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அஸ்கரேல், பைரலீன், குளோஃபென், இனெர்டீன் என்று ஏதாவது ஒரு வணிகப் பெயர் நேம் பிளேட்டில் இருக்கும். படிக்கத்தான் பாடுபட வேண்டும். பழைய ஆலைகளில் டிரான்ஸ்ஃபார்மருக்கு பெயின்ட் அடிக்கும்போது தகட்டையும் சேர்த்தே அடித்துவிடுவார்கள். பல கோட் பெயின்டுக்கு அடியில் எழுத்து மங்கிக் கிடக்கும். சாக்பீஸை மேலாகத் தேய்த்தால் புடைப்பு எழுத்துகள் மட்டும் வெளுத்து எழும்பும். தயாரித்த ஆண்டும் எண்ணெயின் பெயரும் அப்படித்தான் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சுத்த அஸ்கரேல் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். ஒரு சொட்டை நீரில் விட்டால் நேராக அடியில் போய் உட்காரும். சாதாரண மினரல் ஆயில் மிதக்கும்.

சிக்கல் எல்லாம் கடைசிப் படியில்தான். மினரல் ஆயில் என்று தகட்டில் தெளிவாகப் போட்டிருக்கும். பிசிபி டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் அந்த ஆலை வாங்கியதே இல்லை என்று கொள்முதல் ஃபைலும் சொல்லும். சாம்பிளை ஓட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் பிபிஎம் வரும்.

ஒரு பழைய நூற்பாலையில் இப்படி வந்தது. வரிசையாக நின்ற டிரான்ஸ்ஃபார்மர்களில் முதலாவதில் அதிகம், அடுத்ததில் அதைவிடக் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. மேனேஜரிடம் கேட்டதற்கு, உங்கள் மெஷினைச் சரிபாருங்கள் என்றார். ஓய்வுபெற்ற பிறகும் அந்த ஆலைக்கே வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்றிருந்தார். அவரிடம் போய், "அண்ணா, இந்த ஆயிலை எப்பவாவது மாத்துனீங்களா?" என்று கேட்டேன்.

"மாத்துலீங் மேடம். ஃபில்டர்தான் அடிப்போம். வருசா வருசம் கான்ட்ராக்ட்காரர் மெஷினோட வருவாரு. இந்தக் கடைசில ஆரம்பிச்சு அந்தக் கடைசி வரைக்கும் ஒரே ஓட்டமா ஓட்டிட்டுப் போயிருவாருங்."

விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலில் ஈரமும் தூசும் சேர்ந்தால் மின்தாங்கும் திறன் குறையும். அதற்காக ஃபில்டர் மெஷின் வைத்து எண்ணெயைச் சூடாக்கி, ஈரத்தை இழுத்து, வடிகட்டித் திரும்ப உள்ளே விடுவார்கள். நல்ல பராமரிப்புதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மெஷினின் தொட்டியிலும் ஹோஸிலும் முந்தைய இடத்து எண்ணெய் கொஞ்சம் தங்கிவிடும். முந்தைய ஆலையில் ஒரே ஒரு அஸ்கரேல் டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, மெஷின் அதைத் தொட்டுவிட்டு வந்திருந்தால் போதும். ஒரே கரண்டியை எல்லாக் குழம்பிலும் போட்டு எடுத்த கதைதான். முதலில் நின்றதில் அதிகம் இறங்கி, போகப்போகக் குறைந்திருக்கிறது. ஈரத்தையும் தூசையும் வடிகட்டும் மெஷினுக்கு பிசிபியைப் பிரிக்கத் தெரியாது.

அதற்குப் பிறகு எந்த ஆலைக்குப் போனாலும் நேம் பிளேட்டுக்கு முன்னால் நான் கேட்பது ஃபில்டர் மெஷினைப் பற்றித்தான். யார் கொண்டுவந்தார், எந்த வரிசையில் ஓட்டினார், அளவு குறையும்போது ஊற்றும் டாப்-அப் ஆயிலை எந்த டிரம்மிலிருந்து எடுத்தீர்கள். இதற்கெல்லாம் எந்த ஃபைலிலும் பதில் இருக்காது. ஃபோர்மேனுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஸ்டோர் கீப்பருக்கும்தான் தெரியும். ஜெனிவாவில் இருக்கும் ஒப்பந்தச் செயலகத்துக்குப் போகும் இந்தியாவின் அறிக்கையில் ஒரு எண் சரியாக இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் இப்படி ஒருவருடைய ஞாபகம் இருக்கிறது.

சாம்பிள் எடுப்பதிலும் கவனம் வேண்டும். கீழ் வால்வைத் திறந்ததும் வருவது வாய்ப்பகுதியில் தேங்கிய அழுக்கு. அதைத் தனி வாளியில் விட்டுவிட்டு, கண்ணாடிக் குப்பியை அதே எண்ணெயில் அலசி, பிறகு நிரப்ப வேண்டும். ஒன்றுக்குப் பயன்படுத்திய கையுறையும் குழாயும் அடுத்ததற்குக் கூடாது. அப்புறம் ஃபில்டர் மெஷின் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். வாளியில் விட்டது, துடைத்த பஞ்சு, கையுறை எல்லாவற்றையும் கட்டி எடுத்து வர வேண்டும். பல இடங்களில் வால்வுக்குக் கீழே தரையில் மண்ணையோ ஜல்லியையோ கொட்டி வைத்திருப்பார்கள். கசிவை மறைக்க அது வசதி. அந்த மண்ணையும் ஒரு பிடி எடுத்து வருவேன்.

கெப்பாசிட்டர் வேறு ரகம். மில்களில் பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய வரிசையாக மாட்டியிருப்பார்கள். முழுக்க சீல் வைத்த டப்பா, வால்வு கிடையாது. துளை போட்டால்தான் எண்ணெய் வரும், துளை போட்டால் கெப்பாசிட்டர் போச்சு. அதனால் தயாரிப்பாளரையும் ஆண்டையும் வைத்து, சந்தேகமுள்ளதை பிசிபி என்றே எடுத்துக்கொள்வோம்.

குப்பி வந்ததும் முதலில் டெஸ்ட் கிட். எண்ணெயோடு சோடியம் சேர்த்துக் குலுக்கினால் அது குளோரினைப் பிய்த்து எடுத்துக் குளோரைடாக்கிவிடும். கடைசியில் கரைசல் ஊதாவாக நின்றால் 50-க்குக் கீழே. நிறம் போய்விட்டால் மேலே இருக்கலாம். 'இருக்கலாம்'தான், ஏனென்றால் கிட்டுக்குக் குளோரின்தான் தெரியும், பிசிபி தெரியாது. நிறம் போனதை எல்லாம், கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் கரைத்து, கந்தக அமிலத்தால் கழுவ வேண்டும். எண்ணெயின் குப்பையை எல்லாம் அமிலம் தின்றுவிடும், பிசிபியை ஒன்றும் செய்யாது. அடர் கந்தக அமிலத்துக்கே அசையாதது மண்ணிலும் மீனிலும் தாய்ப்பாலிலும் எத்தனை காலம் கிடக்கும் என்று ஒவ்வொரு முறை கழுவும்போதும் எனக்குத் தோன்றும். ஜப்பானில் 1968-இல் தவிட்டெண்ணெய் ஆலையொன்றில் குழாய் வழியே பிசிபி கசிந்து சமையல் எண்ணெயில் கலந்தது. யூஷோ என்று அந்த நோய்க்கே பெயர் வந்தது. உணவு பதப்படுத்தும் இடங்களில் பிசிபி கருவிகளை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் தனியாகச் சொல்கிறது.

அந்த ஜப்பான் பிறகு செய்ததை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். பழைய கருவிகளைத் தூக்கிப் போடக் கூடாது, வைத்திருப்பவரே பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றார்கள். எரிக்கும் ஆலைக்கு எந்த ஊரும் இடம் தராததால் கம்பெனிகள் ஏறக்குறைய முப்பது வருடம் அவற்றைக் கிடங்கில் வைத்துக் காத்தன. கடைசியில் 2001-இல் தனிச் சட்டம் போட்டு, அரசே ஒரு நிறுவனத்தை அமைத்து, கித்தாக்யூஷு தொடங்கி ஐந்து இடங்களில் அழிக்கும் ஆலைகள் கட்டியது. கெடுவைத் தள்ளிவைத்தார்கள்தான். ஆனால் பொருளில் பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்பது தெரிந்தே இருந்தது.

நம் ஊரில் தெரியாமல் போவதுதான் நடக்கிறது. ஒரு ஆலையில் முதல் முறை எடுத்த சாம்பிள் 50-ஐத் தாண்டியது. உறுதி செய்ய மறுபடி போனபோது அந்த இடத்தில் வெறும் பீடம். ஏலத்தில் காயலான் கடைக்குப் போய்விட்டதாம். செம்புக்கும் இரும்புக்கும் விலை இருக்கிறது. எண்ணெய்க்கும் ஆள் இருக்கிறது. செம்புக்காகக் கம்பிச்சுருளை எரிக்கும் இடத்தில் பிசிபி அரைகுறையாக எரிந்தால் ஃபியூரான் என்ற நச்சு வரும், அது பிசிபியைவிட மோசம். இலங்கையில் கழித்த டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலை வெல்டிங் செட்டுகளில் குளிர்விக்க ஊற்றும் பழக்கத்தை அந்த நாட்டு ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். இங்கும் பட்டறைகளில் கேட்டால் பதில் வேறாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்படி விற்றுவிடும் ஆலை மேனேஜர்மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அழிக்கும் செலவு அவர் தலையில். எங்கே அனுப்புவது என்றும் தெளிவில்லை. சத்தீஸ்கரில் உள்ள பிலாய் உருக்காலையை மையமாக வைத்து, ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோவின் உதவியோடு அழிப்பு வசதிக்கான திட்டம் போட்டார்கள். பெங்களூருவில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான இருப்புக் கணக்கில் ஈடுபட்டது. நல்ல முயற்சிகள். ஆனால் கோவையில் இருக்கும் ஒரு சின்ன மில்லுக்கு, ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு, பிலாய் வெகு தொலைவு. எண்ணெயை மட்டும் மாற்றிவிடலாமே என்பார்கள். மாற்றலாம். சுருளைச் சுற்றிய காகிதத்திலும் மரக்கட்டையிலும் ஊறியது மெல்லப் புது எண்ணெய்க்குள் இறங்கும். அதனால் சில மாதம் ஓடவிட்டு மறுபடி சாம்பிள் எடுத்தால்தான் கணக்கு முடியும். தானாக வந்து சொல்பவருக்கு அழிக்கும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கலந்துகொண்ட எல்லாக் கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன்.

பட்டியல் இதற்குள் நீண்டுகொண்டே போயிருக்கிறது. 2023-இல் மெதாக்சிகுளோர் உள்ளிட்ட மூன்று, 2025 மே மாதம் ஜெனிவாவில் குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட மூன்று. புதிதாகச் சேர்வது எதுவும் நாம் தனியாக ஏற்றுக்கொண்டால்தான் இந்தியாவைக் கட்டுப்படுத்தும். அப்படி ஏழு வேதிப்பொருள்களை 2018-இல் விதி போட்டுத் தடுத்து, 2020-இல் மத்திய அமைச்சரவை ஏற்றது.

2025-இல் சேர்ந்தவற்றில் நடுத்தரச் சங்கிலிக் குளோரின் பாரஃபின்களும் உண்டு. அவை எனக்குப் பழைய அறிமுகம். உலோகம் வெட்டும்போது ஊற்றும் கட்டிங் ஆயிலில் கலப்பார்கள், பிவிசி பிளாஸ்டிக்கில் கலப்பார்கள். சீனாவோடு சேர்ந்து இந்தியாவும் குளோரின் பாரஃபின்களைப் பெருமளவில் தயாரிக்கும் நாடு. கட்டிங் ஆயில் வந்த டிரம்மைக் கழுவாமல் டாப்-அப் ஆயிலுக்கு வைத்திருந்தால் எங்கள் கிட்டில் நிறம் போய்விடும். குரோமட்டோகிராஃபில் ஏற்றினால் அது வரையும் கோட்டில் பிசிபியின் கூரிய முனைகள் இருக்காது, யானை முதுகாக ஒரு மேடு மட்டும் வரும். 'பிசிபி இல்லை, வேறு குளோரின்' என்று எழுதி அந்த ரிப்போர்ட்டுகளை ஒதுக்கி வைப்பது ஆய்வுக்கூடத்து வழக்கம். எந்த ஆலை, எந்த டிரம் என்ற விவரம் எல்லாம் அவற்றில் இருக்கிறது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், பீரோவில் தனியாக எடுத்து வையுங்கள் என்று இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.